கிராபிக்ஸ் கார்டில் ஃபேன் நின்றுவிட்டால்: வெப்பம் வெளியேறும் பாதையைப் புரிந்துகொண்டு சரிசெய்தல்

சென்னையில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், கணினி பழுதுபார்ப்பவர்களிடம் ஏறக்குறைய ஒரே மாதிரியான புகார்கள் வந்து சேரும். விளையாட்டு பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு படம் திக்கித் திக்கி நகர்கிறது என்பார் ஒருவர். வீடியோவை எடிட் செய்து முடித்துக் கோப்பாக மாற்றும் நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது என்பார் இன்னொருவர். கேபினட்டுக்குள்ளிருந்து சில வாரங்களாகக் கரகரவென்று சத்தம் வந்தது, இப்போது அந்தச் சத்தமும் இல்லை, ஆனால் கணினி தானாக அணைகிறது என்பார் மற்றொருவர். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் பெருந்தொகை கொடுத்துப் புதியது வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய புகார்கள் பலவற்றில், படங்களைக் கணித்து உருவாக்கும் கார்டின் சிப் முழு நலத்துடன் இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் வெளியே போகும் வழிதான் எங்கோ அடைபட்டிருக்கிறது. அந்த வழி எங்கே அடைபட்டது என்று தெரிந்துகொண்டால், ஃபேனையோ, சிப்பின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளின் தொகுதியான ஹீட்சிங்க்கையோ மாற்றுவது வீட்டு மேசையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் இதுவரை ஒரு கார்டைப் பிரித்துப் பார்த்திராத ஒருவரை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது.

வெப்பம் செல்லும் பாதை

கிராபிக்ஸ் கார்டு உள்வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும், 2016இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த மின்செலவு 120 வாட். அதன் சிப்பின் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர், அதாவது 2 சதுர சென்டிமீட்டர். நினைவகமும், சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றித் தரும் மின்சாரப் பகுதியும் எடுத்துக்கொள்வது போக, சிப்பில் மட்டும் சுமார் 100 வாட் வெப்பம் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 50 வாட் ஆகிறது. வீட்டில் துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். துணியைக் கருக்கிவிடக்கூடிய அந்தத் தகட்டைவிடப் பத்து மடங்கு அடர்த்தியான வெப்பம் ஒரு தபால்தலையைவிடச் சிறிய இடத்தில் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கிறது என்பதை மனத்தில் கொண்டால், அதை அகற்றும் ஏற்பாடு ஏன் கார்டின் பெரும்பகுதி இடத்தையும் எடையையும் பிடித்துக்கொள்கிறது என்பது விளங்கும்.

சிப்பில் பிறந்த வெப்பம் முதலில் தெர்மல் பேஸ்ட் என்னும் மெல்லிய பசைப் படலத்தைக் கடக்கிறது. அங்கிருந்து ஹீட்சிங்க்கின் அடியில் இருக்கும் செம்புத் தகட்டுக்கும், செம்புக் குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளின் வரிசைக்கும் போகிறது. ஃபேன் தள்ளும் காற்று அந்தத் தகடுகளின் இடுக்குகளில் நுழைந்து வெப்பத்தை வாரிக்கொண்டு கேபினட்டுக்குள் விடுகிறது. கேபினட்டின் ஃபேன்கள் அந்தச் சூடான காற்றை அறைக்குள் தள்ளுகின்றன. ஃபேன் தன்னளவில் எதையும் குளிரவைப்பதில்லை. அறையின் காற்றைத் தகடுகளின் மேல் ஓயாமல் ஓட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே அறைக் காற்றைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு எந்த ஃபேனாலும் ஒரு சிப்பைக் கொண்டுவர முடியாது.

பேஸ்ட் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. பளபளப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களால் இடையில் காற்று தங்கிவிடும். வெப்பம் கடத்தும் திறனை ஒரு மீட்டருக்கும் ஒரு கெல்வினுக்கும் இத்தனை வாட் என்ற அலகில் சொன்னால், செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்கு 200ஐ ஒட்டிய அளவு, சந்தையில் கிடைக்கும் பேஸ்ட்டுகளுக்கு அவற்றின் உறையில் அச்சிட்டிருப்பது 4 முதல் 12 வரை, காற்றுக்கோ 0.026 மட்டுமே. பேஸ்ட் செம்போடு போட்டி போடுவதற்காகத் தடவப்படுவதில்லை. காற்று உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை வெளியேற்றுவதற்காகத் தடவப்படுகிறது. அதனால்தான் அது மெல்லியதாகவும் இடைவெளியின்றியும் இருக்க வேண்டும். தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும்.

அந்தச் செம்புக் குழாய்கள் தனியாகச் சொல்லத் தகுந்தவை. அவை கெட்டியான செம்புக் கம்பிகளைப் போலத் தோன்றினாலும் உள்ளே வெற்றிடம் உண்டு. காற்றை வெளியேற்றிச் சிறிதளவு தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே கொதித்து ஆவியாகிறது. சிப்பின் பக்கத்தில் ஆவியாகி, மறுமுனையில் அலுமினியத் தகடுகளிடம் வெப்பத்தை விட்டு மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலத்தின் வழியே ஊர்ந்து திரும்பிவருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய ஏற்பாடு இது. குழாயில் எங்காவது நுண்ணிய விரிசல் விட்டால் உள்ளிருக்கும் நீர் போய்விடும். வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் குழாய் வேலை செய்யாது. ஃபேன் சரியாக ஓடியும் சிப் கொதிக்கும் கார்டுகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இந்தப் பாதை முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கலாம். அதற்கு வெப்பத்தடை என்று பெயர். ஒவ்வொரு வாட்டுக்கும் சிப்பின் வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி உயர்கிறது என்பதே அது. வெப்பத்தடையை வாட்டால் பெருக்கி, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைக் கூட்டினால் சிப்பின் வெப்பநிலை கிடைத்துவிடும். நலமாக இருக்கும் ஒரு நடுத்தரக் கார்டின் வெப்பத்தடை 0.4 என்று கொள்வோம். சிப்பில் 100 வாட் பிறந்தால் 40 டிகிரி உயர்வு. மார்கழியில் அறை 27 டிகிரியாக இருக்க, கேபினட்டின் உட்புறம் அதைவிட 6 டிகிரி கூடுதலாக 33 என்றிருந்தால், சிப் 73 டிகிரியில் நிற்கும். அதே கார்டு, அதே விளையாட்டு, ஏசி இல்லாத அறையில் மே மாதப் பிற்பகல்: அறை 37, கேபினட் 43, சிப் 83. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 போன்ற ஒரு நாளில் என்ன ஆகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஜிடிஎக்ஸ் 1060க்கு என்விடியா குறித்திருக்கும் உச்ச வரம்பு 94 டிகிரி. அதன் இயல்பான அமைப்பில், 83 டிகிரியை நெருங்கும்போதே சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

இப்போது ஃபேன் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். தகடுகளுக்கிடையே காற்று தானாக மேலெழுந்து நகர்வது மட்டுமே மிஞ்சும். வெப்பத்தடை பல மடங்காகும். அது 2 என்று கொண்டால்கூட 100 வாட்டுக்கு 200 டிகிரி உயர்வு என்று கணக்கு சொல்கிறது. சிப் அதுவரை காத்திருக்காது. வெப்பம் வரம்பைத் தொடும்போது தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கி வாட்டைக் குறைக்கும். அப்போதுதான் படம் திக்குகிறது. அதற்கும் அடங்காவிட்டால் கார்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அப்போதுதான் திரை கறுக்கிறது. புகார்களில் வரும் இரண்டு அறிகுறிகளும் ஒரே காரணத்தின் இரண்டு படிகள் என்பது இதிலிருந்து தெரியும். அவை சிப் சாகும் அறிகுறிகள் அல்ல, அது தன்னைக் காத்துக்கொள்ளும் அறிகுறிகள். ஆனால் சிப்பைச் சுற்றியிருக்கும் நினைவகச் சில்லுகளுக்கும் மின்சாரப் பகுதிக்கும் எல்லாக் கார்டுகளிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. ஃபேன் நின்ற கார்டை, வேகம் குறைந்தாலும் ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் ஓட்டுவது தவறு.

சென்னைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருவொற்றியூர், ராயபுரம் தொடங்கி பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும்; ஈரமான தூசு தகடுகளின் இடுக்கில் உதிராமல் படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டைப் போல் இறுகிவிடும். அலுமினியத் தகடுகளின் மேல் வெள்ளை நிறத்தில் பொடி பூத்திருப்பதைக் கடலோர வீடுகளின் ஏசி பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டிலும் அதே அரிப்புதான். மற்ற ஊர்களில் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும் என்றிருக்கும் கார்டுக்கு, இங்கே சில சமயம் ஹீட்சிங்க்கையும் மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

எது பழுது என்று கண்டறிதல்

முதலில் ஒரு தவறான அச்சத்தை நீக்கிவிட வேண்டும். இன்றைய கார்டுகள் பலவற்றில், சிப் 50 அல்லது 60 டிகிரியைத் தொடும் வரை ஃபேன்கள் சுற்றவே சுற்றாது; சத்தம் வேண்டாம் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கணினியைப் போட்டதும் ஃபேன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அது கெட்டுவிட்டதாக எண்ணி மாற்றியவர்கள் உண்டு. ஜிபியு-இசட், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்களில் வெப்பநிலையையும் ஃபேனின் வேகத்தையும் பார்க்கலாம். ஆஃப்டர்பர்னரில் ஃபேன் வேகத்தைக் கையால் 70 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கண்ணால் பாருங்கள். எல்லா ஃபேன்களும் ஒரே வேகத்தில் தடங்கலின்றிச் சுற்ற வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு ஃபேன்கள் ஒரே இணைப்பில் சேர்ந்திருக்கும் கார்டுகளில் ஒன்றின் வேகம் மட்டுமே பதிவாகும், மற்றது நின்றிருந்தாலும் எண்ணில் தெரியாது.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஃபேனின் இறக்கையை விரலால் மெதுவாகச் சுண்டிவிட்டுப் பாருங்கள். நலமான ஃபேன் சில சுற்றுகள் ஓடி மெல்ல நிற்கும். உடனே நின்றாலும், மணல் கலந்தது போல் உராய்ந்தாலும், இறக்கையை மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலும் பேரிங் தேய்ந்துவிட்டது. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் அசையவில்லை என்றால் மோட்டாரோ, இணைப்பு ஒயரோ, கார்டில் ஃபேனுக்கு மின்சாரம் தரும் பகுதியோ பழுதாகியிருக்கும். இவற்றில் எது என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பெரும்பாலான கார்டுகளின் ஃபேன்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஃபேனின் மின் ஒயரையும் தரை (கிரவுண்ட்) ஒயரையும் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டரில் கொடுத்தால், ஃபேன் ஓடினால் குற்றம் கார்டிலோ இணைப்பிலோ இருக்கிறது. ஓடாவிட்டால் குற்றம் ஃபேனில். நான்கு ஒயர் உள்ள ஃபேனில் மற்ற இரண்டில் ஒன்று வேகத்தைத் தெரிவிப்பது, இன்னொன்று வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அவற்றில் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடக் கூடாது. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் ஒயர் எது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இந்தச் சோதனையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஃபேன்கள் எல்லாம் சரியாகச் சுற்றியும் வெப்பம் ஏறுகிறது என்றால் பாதையின் மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும். தகடுகளுக்கிடையே டார்ச் அடித்துப் பார்த்து மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை என்றால் தூசு அடைத்திருக்கிறது. தூசும் இல்லை, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, வெளிவரும் காற்று மட்டும் சூடாக இல்லை, ஆனால் சிப் 90 டிகிரியைத் தொடுகிறது என்றால், வெப்பம் தகடுகளை வந்தடையவே இல்லை என்று பொருள். பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கலாம், ஹீட்சிங்க்கின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், செம்புக் குழாய் செயலிழந்திருக்கலாம். வெளிவரும் காற்றின் சூட்டைக் கையால் உணர்ந்து பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பாகத்தை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேறொன்றை நான் அறியேன்.

பேரிங் காய்ந்த ஃபேனுக்கு எண்ணெய் விட்டால் போதாதா என்ற கேள்வி எழும். நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்தால் சிலவற்றில் அச்சின் முனை தெரியும். அதில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் அடங்கி மேலும் சில காலம் ஓடும். புதிய ஃபேன் வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்க அது உதவும், நிரந்தரத் தீர்வாகாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகும் என்பதால் அதை விடவே கூடாது.

பாகங்களை வாங்குதல்

வாங்கப் போவதற்கு முன் வாரண்ட்டியைப் பாருங்கள். காலம் முடியாத கார்டைப் பிரித்தால், அதிலும் ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தால், நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். வாரண்ட்டி இருக்கும்போது ரசீதோடு சர்வீஸ் சென்டருக்குப் போவதே முறை.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சென்னையில் இதற்கான இடங்கள். பழைய ஃபேனைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது சிறந்தது. ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரில் அதன் மாதிரி எண், வோல்ட், ஆம்பியர் மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். தேட வேண்டியது கார்டின் பெயரைவிட அந்த மாதிரி எண்ணைத்தான். ஒரே பெயரில் விற்கும் கார்டிலேயே தயாரிப்புக் காலத்தைப் பொறுத்து வேறு வேறு ஃபேன்கள் இருக்கும். அதே எண் கிடைக்காவிட்டால் இறக்கையின் விட்டம், ஸ்க்ரூ துளைகளுக்கிடையேயான தூரம், ஃபேனின் உயரம், ஒயர்களின் எண்ணிக்கை, இணைப்பு முனையின் அளவு ஆகிய எல்லாமே ஒத்துப்போக வேண்டும். கேபினட் ஃபேனின் இணைப்பு முனை பெரியது. கார்டில் உள்ளது அதைவிடச் சிறியது. ஆம்பியர் பழையதைவிட அதிகமாக இருக்கக் கூடாது, ஏனெனில் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும்படி கார்டின் அந்தப் பகுதி அமைக்கப்பட்டிருக்காது.

இரண்டு மூன்று ஃபேன்கள் உள்ள கார்டுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலவற்றில் அடுத்தடுத்த ஃபேன்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும்; இறக்கைகளின் வளைவும் அதற்கேற்ப எதிர்ப்புறமாக இருக்கும். இடது பக்க ஃபேனை நடுவில் பொருத்தினால் ஸ்க்ரூ பொருந்தும், ஃபேன் சுற்றும், ஆனால் அருகிலுள்ளவற்றோடு காற்றோட்டம் மோதும். ஆகவே எந்த இடத்து ஃபேன் என்று குறித்துக்கொண்டு வாங்க வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டும் ஒரே வயது, ஒரே தூசு, ஒரே உப்புக்காற்று.

ஹீட்சிங்க்கை மாற்ற வேண்டுமென்றால் தேடல் கடினமாகும். அதே நிறுவனத்தின் அதே மாதிரிக் கார்டு ஒன்று வேறு காரணத்தால் செத்துப்போய் உதிரிபாகத்துக்கு விற்கப்படுமானால், அதன் ஹீட்சிங்க்கே மிகப் பொருத்தமானது. ஒரே சிப் கொண்ட கார்டு என்பதால் மட்டும் வேறு நிறுவனத்தின் ஹீட்சிங்க் பொருந்தாது. சிப்பைச் சுற்றியுள்ள நான்கு துளைகளுக்கிடையேயான தூரம் சில கார்டுகளில் சுமார் 53 மி.மீ., சிலவற்றில் 58 மி.மீ. என்று மாறும், துளைகள் பொருந்தினாலும், பலகையில் உயரமாக நிற்கும் காயில்களும் கெப்பாசிட்டர்களும் தகட்டில் இடிக்கலாம். பல கார்டுகளுக்குப் பொருந்தும்படி தனியாக விற்கப்படும் ஹீட்சிங்க்கை வாங்குவோர், அது சிப்பை மட்டும் குளிர்விக்குமா, நினைவகத்துக்கும் மின்சாரப் பகுதிக்கும் வழி வைத்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். சிப் 65 டிகிரியில் குளுகுளுவென்றிருக்க, பக்கத்தில் கவனிப்பாரற்ற மின்சாரப் பகுதி வெந்துபோவது நடக்கக்கூடியதே.

கூடவே நல்ல பேஸ்ட் ஒரு சிறு குழல், நினைவகத்துக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே வைக்கும் பட்டையான தெர்மல் பேட், 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். அது சிப்பின் மேல் படலம் விட்டுவிடும். உலோகத் திரவம் என்று விற்கப்படும் பேஸ்ட்டைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் ஒரு துளி தவறி விழுந்தாலும் கார்டு முடிந்துவிடும்.

பிரித்தலும் பொருத்தலும்

கார்டை எடுப்பதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சற்றே சூடேற்றிக்கொள்வது உதவும், ஏனெனில் சூடான பேஸ்ட் இளகிப் பிடியை விடும். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ளுங்கள். புழுக்கமான சென்னைக் காற்றில் இந்த ஆபத்து குறைவு என்றாலும், ஏசி அறையில் காற்று உலர்ந்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினட்டோடு பிணைக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில், கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டின் நுனியில் உள்ள சிறு பூட்டை அழுத்தியபடியே கார்டை நேராக இழுக்க வேண்டும். அந்தப் பூட்டை மறந்து இழுப்பவர்கள் ஸ்லாட்டை உடைத்துவிடுகிறார்கள்.

சில கார்டுகளில் ஃபேனோடு சேர்ந்த பிளாஸ்டிக் மூடியை மட்டும் தனியாகக் கழற்றலாம்; அப்படிப்பட்டதில் ஃபேனை மட்டும் மாற்றுகிறவர் ஹீட்சிங்க்கைத் தொடவே தேவையில்லை. மற்றவற்றில் பின்பக்கம் சிப்பைச் சுற்றியுள்ள, ஸ்பிரிங் கோத்த நான்கு ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்த பிறகே முன்பக்கம் விடுபடும். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் நீளம் என்பதால், ஒரு தாளில் கார்டின் உருவத்தை வரைந்து எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே ஒட்டிவையுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடையில் நுழைத்து நெம்பக் கூடாது. கிராபிக்ஸ் கார்டின் சிப்புக்குப் பெரும்பாலும் மேல்மூடி கிடையாது, சிலிக்கன் திறந்தே இருக்கும். அதன் ஓரம் கண்ணாடியைப் போல் சில்லுசில்லாக உடையும். ஹீட்சிங்க்கை இருபுறமும் பிடித்து மிக மெதுவாக இடமும் வலமும் திருகினால் பிடி விடும். விட்டதும் சட்டென்று பிரித்துவிடாதீர்கள். ஃபேனின் ஒயர் கார்டோடு இணைந்திருக்கும், முதலில் அதை அதன் முனையைப் பிடித்துக் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடைத்து எடுங்கள். ஹீட்சிங்க்கை மாற்றாமல் வைத்துக்கொள்வதானால் இதுவே அதைச் சுத்தம் செய்யும் நேரம். ஃபேனையும் பேட்டையும் அகற்றிய வெறும் ஹீட்சிங்க்கை லேசான சோப்பு நீரில் கழுவலாம். உப்பு நீங்க வேறு நல்ல வழி இல்லை. நம் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும் என்பதால், கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, ஈரம் துளியும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே பொருத்த வேண்டும். புளோயரால் ஊதுகிறவர்கள் ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

இந்த வேலையில் அதிகம் தவறு நிகழும் இடம் தெர்மல் பேட். நினைவகச் சில்லுகளுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பும் மெத்தென்ற பட்டைகள் இவை. 0.5, 1, 1.5, 2 மி.மீ. என்று பல தடிமன்களில் கிடைக்கின்றன. ஒரே கார்டில் இரண்டு தடிமன்களும் இருக்கலாம். பழைய பட்டை கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். மாற்றுவதானால், அழுத்தம் படாத ஓரத்தில் அதன் தடிமனை அளந்து அதே அளவில் வாங்க வேண்டும். தேவையைவிட மெல்லியதானால் நினைவகம் ஹீட்சிங்க்கைத் தொடாது. தடித்துவிட்டாலோ, பட்டைகள் ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சிப்புக்கும் செம்புக்கும் நடுவே இடைவெளி விழும். புதிய ஃபேன், புதிய பேஸ்ட் எல்லாம் இருந்தும் பழையதைவிட அதிகச் சூடு ஏறும். மேலும் கீழும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்கள் இரண்டையும் உரித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

மேல்மூடி இல்லாத சிப் என்பதால், அதன் பரப்பு முழுவதும் பேஸ்ட் பரவியிருக்க வேண்டும். நடுவில் ஒரு பொட்டு வைத்து மூலைகளை அதிர்ஷ்டத்துக்கு விடுவதைவிட, பட்டையான சிறு கரண்டியால் மெல்லிய படலமாகத் தடவிவிடுவதே இங்கே பாதுகாப்பு. புதிய ஃபேன்களை மூடியில் பொருத்தி, ஒயர் இறக்கையில் சிக்காதபடி பழைய தடத்திலேயே கொண்டுவந்து, முனையை இணைத்த பிறகு ஹீட்சிங்க்கை நேராக இறக்குங்கள். நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொரு முறையும் அரைத் திருப்பு மட்டும் கொடுத்து இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும். சிப்பின் விளிம்பு உடைவதும் இப்படித்தான். ஸ்க்ரூ அடிவரை போய் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அழுத்தத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

பொருத்தமான ஃபேன் எங்கேயும் கிடைக்காத பழைய கார்டுகளுக்கு மாற்று வழியும் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, 92 அல்லது 120 மி.மீ. கேபினட் ஃபேன்கள் இரண்டைத் தகடுகளின் மேல் ஜிப் டையால் கட்டி, மதர்போர்டில் இணைத்துவிடலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தள்ளும், பழைய ஃபேனைவிடச் சத்தமும் குறைவு. மதர்போர்டின் ஃபேன்கள் வழக்கமாகப் புராசஸரின் சூட்டைப் பார்த்து வேகம் மாறுபவை, கிராபிக்ஸ் கார்டின் சூடு அவற்றுக்குத் தெரியாது. ஆகவே மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையான பயாஸில் அவற்றுக்கு நிலையான ஒரு வேகத்தை வைத்துவிட வேண்டும். பார்ப்பதற்கு அழகில்லை என்பதைத் தவிர இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கார்டைத் திரும்ப ஸ்லாட்டில் செருகி, மின் இணைப்பை மறக்காமல் கொடுத்து, கேபினட்டின் கதவை மூடாமல் கணினியைப் போடுங்கள். முதல் சில நொடிகளில் ஃபேன்கள் ஒருமுறை சுற்றிப் பார்க்கும். திரை வந்ததும் சும்மா இருக்கும் நிலையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஃபர்மார்க் போன்ற சோதனை மென்பொருளையோ வழக்கமான விளையாட்டையோ 15 நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பநிலை விறுவிறுவென்று ஏறி ஒரு நிமிடத்துக்குள் 90ஐத் தொட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை. நல்ல நிலையில் அது மெல்ல ஏறி, ஐந்து பத்து நிமிடங்களில் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அண்மைக்காலக் கார்டுகள் பலவற்றில் சராசரி வெப்பநிலையோடு, சிப்பிலேயே அதிகம் சுடும் புள்ளியின் வெப்பநிலையும் தனியாகத் தெரியும். என்விடியா கார்டுகளில் இரண்டுக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி இருப்பது இயல்பு. 25ஐத் தாண்டினால் ஒரு மூலையில் பேஸ்ட் படவில்லை அல்லது பேட் தடித்துவிட்டது என்று கொண்டு, மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். அளக்கும்போது அறையின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். மே மாதத்தில் 80 காட்டும் கார்டும் டிசம்பரில் 70 காட்டும் கார்டும் ஒரே நலத்தில் இருக்கலாம், அறையின் சூட்டைக் கழித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.